பிராக்டிஸ் டெஸ்ட்ல மார்க் கம்மியா வந்திருக்கா?

எல்லாருக்கும் வணக்கம். மேல்படிப்புக்கு அப்ளை பண்றவங்க எழுதற ஜிஆர்இ பத்தித்தான் இன்னைக்குப் பேசப்போறேன், அதுலயும் முதல் பிராக்டிஸ் டெஸ்ட் எழுதிட்டு மார்க்கைப் பார்த்ததும் வயித்துல புளியைக் கரைச்ச மாதிரி ஆகி, லேப்டாப்பை மூடி வச்சிட்டு உட்கார்ந்திருக்காங்க பாருங்க, அவங்களுக்காக. பல வருஷமா இந்தப் பரீட்சைக்குப் பசங்களைத் தயார் பண்றேன். கம்மி மார்க் வந்த உடனே முக்கால்வாசிப் பேர் செய்யறது என்னன்னா, மறுநாளே இன்னொரு டெஸ்ட் எழுதறது. ரெண்டு மார்க் கூடினா சந்தோஷம், குறைஞ்சா அழுகை. தயவுசெஞ்சு அதைப் பண்ணாதீங்க, அந்தப் பழைய டெஸ்ட்டுக்குள்ளயே உங்களுக்கு ஒரு மாசத்துக்கு வேலை இருக்கு.

போன வருஷம் என்கிட்ட வந்த ஒரு பொண்ணுக்கு குவான்ட்ல, அதாவது கணக்குக் கேள்விகள்ல, 148. இது 130ல ஆரம்பிச்சு 170 வரைக்கும் போற ஸ்கேல், அவளுக்கு 160 வேணும். எனக்குக் கணக்கே வராது மேடம்னு சொன்னா. விடையைப் பார்க்காத, தப்பாப் போன கேள்வி எல்லாத்தையும் நேரக்கணக்கே இல்லாம நிதானமா திருப்பிப் போட்டுட்டு வான்னு அனுப்பினேன். தப்புல பாதிக்கு மேல அவளே சரியாப் போட்டுட்டு வந்தா. கணக்கு வராத பொண்ணு எப்படிம்மா இதைப் போட்டா?

அப்புறம் ஒவ்வொரு தப்புக்கும் பக்கத்துல காரணம் எழுத வச்சேன், "கவனக்குறைவு"ன்னு மட்டும் எழுதக்கூடாது, அது எல்லாத்தையும் மூடி மறைக்கற வார்த்தை. ஆரம் கேட்டிருக்க நான் விட்டம் எழுதிட்டேன், மைனஸ் நம்பரை யோசிக்கவே இல்ல, ஒரே கேள்வியில அஞ்சு நிமிஷம் போயிடுச்சு, இப்படி எழுதணும். பாடம் தெரியாம போன தப்புக்குப் பாடத்தைப் படிக்கணும், கேள்வியைச் சரியாப் படிக்காம போன தப்புக்குப் பாடம் படிச்சு ஒரு பிரயோஜனமும் இல்ல.

ஒரு உதாரணம் சொல்றேன், மனசுலயே போட்டுப் பாருங்க. எக்ஸ் பூஜ்யத்தை விடப் பெருசு. இந்தப் பக்கம் எக்ஸ் ஸ்கொயர், அந்தப் பக்கம் எக்ஸ், எது பெருசு? ரெண்டைப் போட்டா ஸ்கொயர் நாலு, அதுதான் பெருசுன்னு டக்குனு டிக் பண்ணிடுவோம். ஒண்ணைப் போட்டுப் பாருங்க, ரெண்டும் சமம். அரையைப் போட்டா ஸ்கொயர் கால், அது சின்னது. அப்ப விடை, சொல்ல முடியாதுங்கறதுதான். இதுல தெரியாத கணக்குன்னு ஒண்ணுமே இல்ல, ஒரே நம்பரோட நின்னுட்டதுதான் தப்பு. ஒண்ணு, பின்னம், கேள்வியில அனுமதி இருந்தா பூஜ்யம், மைனஸ், இதையெல்லாம் போட்டுப் பார்க்கற பழக்கம் வந்தாலே இந்த கம்பேரிசன் கேள்விகள்ல மார்க் கண்ணுக்குத் தெரிஞ்சே ஏறும்.

வெர்பல்ல, அதாவது இங்கிலீஷ் கேள்விகளுக்கு, எல்லாரும் ஆயிரக்கணக்குல வார்த்தை மனப்பாடம் பண்றாங்க, பண்ணுங்க, வேண்டாம்னு சொல்லல. ஆனா ஆளைக் கவுக்கறது நமக்குத் தெரிஞ்ச வார்த்தைதான். செக்னா சரிபார்க்கறதுன்னு தெரியும், கட்டுப்படுத்தறதுன்னும் ஒரு அர்த்தம் இருக்கு, குவாலிஃபைனா தகுதி பெறறது மட்டும் இல்ல, சொன்னதுக்கு ஒரு வரம்பு போடறதும்தான். அதனால கோடிட்ட இடம் வந்தா ஆப்ஷனைக் கையால மூடிக்கிட்டு வாக்கியத்தைப் படிங்க, ஆனாலும், அதனால மாதிரி சொல் எங்க திருப்புதுன்னு பாருங்க, அங்க என்ன வரணும்னு உங்க சொந்த வார்த்தையில சொல்லிட்டு அப்புறம் ஆப்ஷனுக்குப் போங்க. ரெண்டு மூணு கோடு இருக்கற கேள்வியில எல்லாமே சரியா இருந்தாத்தான் மார்க், பாதி மார்க் கிடையாது.

நேரம் பத்திச் சொல்லணும். குவான்ட்ல முதல் பகுதி 12 கேள்வி 21 நிமிஷம், ரெண்டாவது 15 கேள்வி 26 நிமிஷம், கேள்விக்கு ரெண்டு நிமிஷம்கூட இல்ல. முதல் பகுதியை நீங்க எப்படிப் பண்றீங்களோ அதைப் பொறுத்துதான் ரெண்டாவது பகுதியோட கஷ்டம் அமையும், அதனால முதல் பன்னெண்டுல தெரிஞ்ச கேள்வியை அவசரத்துல விட்டுடாதீங்க. ஒரு பகுதிக்குள்ள சுலபமான கேள்விக்கும் கஷ்டமான கேள்விக்கும் ஒரே மார்க்தான். ஒரு கேள்வியில சிக்கினா அதைக் குறிச்சு வச்சிட்டு நகருங்க, கடைசியில வாங்க. தப்புக்கு மைனஸ் இல்ல, எதையும் காலியா விடக்கூடாது.

இன்னொரு விஷயம், இது நிறைய பேருக்குப் புரியறதில்ல. விளக்கத்தைப் படிச்சிட்டு ஓ இவ்வளவுதானான்னு தோணும் பாருங்க, அது புரிஞ்சதா அர்த்தம் ஆகாது. மூணு நாள் கழிச்சு வெத்துப் பேப்பர்ல அதே கணக்கைப் போடுங்க, பாதி வழியில கை நின்னுச்சுன்னா இன்னும் நம்மளுது ஆகலன்னு அர்த்தம்.

இந்தப் பரீட்சையை நடத்தற இடிஎஸ் இலவசமாக் கொடுக்கற பவர்பிரெப் டெஸ்ட்டுகள்தான் அசலுக்கு ரொம்பப் பக்கம், அதை ஒரே வாரத்துல செலவழிச்சிடாதீங்க. எழுதற அன்னைக்கு போனை வேற ரூம்ல வச்சிட்டு, எஸ்ஸேல ஆரம்பிச்சு முழு 1 மணி 58 நிமிஷமும் ஒரே மூச்சுல எழுதணும்.

அந்தப் பொண்ணு ஆறு வாரம் அவ தப்பு நோட்டோடதான் இருந்தா, நடுவுல முழு டெஸ்ட் ஒண்ணுகூட எழுத விடல. அடுத்த டெஸ்ட்ல 157 வந்துச்சு. நோட்டைத் திறந்து பார்த்தோம், மிச்சம் இருந்த தப்புல பெரும்பாலும் ப்ராபபிலிட்டி. மறுநாள் காலையில அந்தப் பாடத்தை முதல்லேர்ந்து ஆரம்பிச்சோம்.