கையில் காசில்லாமல் வாங்கிய கல்லூரி

நண்பர்களே, அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், ஜீனியா என்ற ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது வில்பர்ஃபோர்ஸ் பல்கலைக்கழகம். கறுப்பின மக்களுக்கென்று 1856-இல் அது தொடங்கப்பட்டபோது, முன்னின்றவர்களில் பெரும்பாலோர் வெள்ளையின மெத்தடிஸ்டுகள், அதாவது புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர்களில் ஒரு பிரிவினர். அங்கே முதலில் படித்த பிள்ளைகளில் பலர் தென்மாநிலப் பண்ணையார்களுக்கும் அடிமைப் பெண்களுக்கும் பிறந்தவர்கள். கட்டணம் கட்டியவர்கள் அந்தத் தகப்பன்மார்தாம்! வட மாநிலங்களுக்கும் தென் மாநிலங்களுக்கும் உள்நாட்டுப் போர் மூண்டது, தெற்கிலிருந்து வந்த பணம் நின்றது, 1862-இல் கல்லூரிக்குப் பூட்டு விழுந்தது.

இந்த இடத்தில் டேனியல் பெய்ன் என்ற கறுப்பினப் போதகர் வருகிறார். 1811-இல் சார்ல்ஸ்டனில் பிறந்தவர். பதினெட்டு வயதிலேயே ஒரு பள்ளிக்கூடம் வைத்தார். பகலில் மூன்று பிள்ளைகள், இரவில் மூன்று அடிமைகள். தலைக்கு மாதம் ஐம்பது சென்ட், அதாவது அரை டாலர். அடிமைகளுக்கு எழுத்தறிவிப்பதும், கறுப்பினத்தவர் தம் மக்களுக்குப் பள்ளி நடத்துவதும் குற்றம் என்று 1834-இல், சார்ல்ஸ்டன் இருக்கும் தென் கரோலினா மாநிலம் சட்டம் போட்டது. பள்ளியை இழுத்து மூடிவிட்டு அவர் வடக்கே புறப்பட்டார்.

அந்த மனிதர்தான் 1863-இல், ஆப்பிரிக்க மெத்தடிஸ்ட் எபிஸ்கோப்பல் சபையின் பேராயராக, வில்பர்ஃபோர்ஸைப் பத்தாயிரம் டாலருக்கு வாங்குவதாக வாக்குக் கொடுத்தார். அப்போது அவர் கையில் பத்து டாலர்கூட இல்லை. அடிமையாகப் பிறந்த ரிச்சர்ட் ஆலன் 1816-இல் நிறுவிய கறுப்பினத்தவரின் சபை அது. ஏழை விசுவாசிகளின் காணிக்கையை நம்பித்தான் பெய்ன் துணிந்தார். கறுப்பினத்தவரே சொந்தமாக நடத்திய முதல் அமெரிக்கக் கல்லூரி இப்படித்தான் பிறந்தது.

1865 ஏப்ரல் 14. அதிபர் லிங்கன் சுடப்பட்ட அதே இரவு, கல்லூரியின் முதன்மைக் கட்டடத்துக்கு யாரோ தீ வைத்தார்கள். பெய்ன் மறுபடியும் கையேந்தினார், மறுபடியும் கட்டினார்.

சபையின் கையில் கல்லூரி இருந்ததில் குறையே இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. 1894-இல் அங்கே கிரேக்கமும் லத்தீனும் கற்பிக்க வந்தார், பின்னாளில் புகழ்பெற்ற கறுப்பின அறிஞர் டுபாய்ஸ். ஒரு கூட்டத்தில், "பேராசிரியர் டுபாய்ஸ் ஜெபம் நடத்துவார்" என்று அறிவித்தார்கள். "இல்லை, நடத்தமாட்டார்" என்றார் அவர்! வேலை போகாமல் தப்பியதே பெரிது. இரண்டே ஆண்டுகளில் கிளம்பிவிட்டார். அவர் பக்கம் நியாயம் இருந்தது என்றுதான் நான் நினைக்கிறேன்.

ஆனால் அரசின் பணத்துக்கும் ஒரு விலை உண்டு. ஆசிரியர் பயிற்சிக்கும் தொழிற்கல்விக்குமாக 1887-இல் ஒஹாயோ அரசு அங்கே ஒரு துறையை ஏற்படுத்தியது. பணத்தோடு அரசு நியமித்த அறங்காவலர்களும் வந்தார்கள். ஒரே வளாகத்தில் இரண்டு எசமானர்கள். 1947-இல் அந்தத் துறை தனியே பிரிந்து, பின்னர் சென்ட்ரல் ஸ்டேட் பல்கலைக்கழகம் ஆனது. இன்று இரண்டில் பெரியது அதுதான். ஆனாலும் சபை தன் கல்லூரியை மூடவும் இல்லை, விற்கவும் இல்லை.