காசு கொடுத்து பட்டினிய வாங்காதீங்க! சாப்பிடவே மாட்டேன்னு நிக்கிற கடல் மீன்கள்

[திரையில்: பவளக் கிளைக்கு நடுவுல தலைகீழா நிக்கிற ஒரு குட்டி மீன்]

வணக்கம் மக்களே! இந்த மீன நல்லா பாத்துக்கோங்க. நீலமும் பச்சையும் கலந்த உடம்பு, அதுல வரிசையா ஆரஞ்சு பொட்டு, முன்னாடி குழாய் மாதிரி ஒரு சின்ன வாய். பேரு ஆரஞ்சு ஸ்பாட்டட் ஃபைல்ஃபிஷ். ஆசப்பட்டு நல்ல ரேட்டு குடுத்து வாங்கிட்டு வந்து, இருக்கறதுலயே உசத்தியான பெல்லட்டா, அதாவது உருண்டைத் தீனியா பாத்து போடுவீங்க, அது கிட்ட வந்து ஒரு பார்வை பாத்துட்டு திரும்பிப் போயிரும். மறுநாளும் அப்படியேதான். வயிறு ஒட்டி, ஒரு நாள் காலைல பாத்தா டேங்க் அடியில கிடக்கும்.

ஏன்? சுருக்கமா சொல்லிடறேன். கடைல விக்கிற கடல் மீன்ல பெரும்பாலானது கடல்ல புடிச்சது, கப்பி, மோலி மாதிரி பண்ணைல பொறந்தது இல்ல, அதுக்கு பெல்லட் சாப்பாடுன்னே தெரியாது. அவ்ளோதான் பேக்ரவுண்ட், இப்ப மேட்டருக்கு வருவோம்.

இந்த ஃபைல்ஃபிஷ் கடல்ல சாப்பிடறது கிட்டத்தட்ட ஒண்ணே ஒண்ணு, அக்ரோபோரான்னு ஒரு பவளம், அதுல இருக்கற பாலிப்ப, அதாவது பவளத்தோட குட்டிக் குட்டி உயிர, கொத்திக் கொத்தித் திங்கும். இதுக்கு மேலதான் எனக்கு ரொம்பப் புடிச்ச விஷயம் இருக்கு. 2014ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, இந்த மீன் எந்தப் பவளத்த திங்குதோ அதோட வாசனையே இதுக்கு வந்துடுதாம்! நாம பிரியாணி சாப்பிட்டா கையிலதான மணக்கும், இது ஆளே பிரியாணியா மாறிடுது. டெஸ்ட் எப்படி பண்ணாங்கன்னு கேளுங்க, பவளத்துலயே குடியிருக்கற குட்டி நண்டுங்கள விட்டுப் பாத்துருக்காங்க, தன் வீட்டுப் பவளத்த தின்ன மீனோட வாசனை எதுவோ அதுகிட்டதான் நண்டு போகுது. வேட்டையாடற களவா மீனும், ஃபைல்ஃபிஷ் தான் தின்ன பவளத்துக்குள்ளயே ஒளிஞ்சிருந்தா அவ்வளவா கண்டுக்கல. ராத்திரி கிளைக்கு நடுவுல தலைய கீழ போட்டு நின்னா கண்ணுக்கும் தெரியாது மூக்குக்கும் தெரியாது, எப்படி இருக்கு பாருங்க!

ஆனா பவளம் போச்சுன்னா இதுவும் போச்சு. 1998ல ஜப்பான்ல ஒகினாவா பக்கம் பவளம் வெளுத்துப் போனப்ப, ஆராய்ச்சி பண்ணிட்டிருந்த இடத்துல இருந்த ஃபைல்ஃபிஷ் மொத்தமும் காணாமப் போயிடுச்சு.

உடனே "அண்ணா, அப்ப பவளம் வாங்கிப் போட்டுட்டா?"ன்னு கமெண்ட் வரும், தெரியும். தம்பி, நம்ம நாட்டுல அந்த மாதிரி கல் பவளம் எல்லாம் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல முதல் அட்டவணை, அதாவது புலி இருக்கற அதே லிஸ்ட். நம்ம கடல்ல எடுத்தத வீட்ல வெச்சா மீனோட சேந்து நீங்களும் மாட்டுவீங்க.

அடுத்தது காப்பர்பேண்ட் பட்டர்ஃபிளை. வெள்ள உடம்புல ஆரஞ்சுப் பட்டை, முதுகுப் பக்கம் பொய்க் கண்ணு மாதிரி ஒரு கருப்புப் பொட்டு, கொறடு மாதிரி நீட்டு மூக்கு. பாறை இடுக்குல புழு நோண்டித் திங்கப் பொறந்த வாய் அது, தண்ணில மிதந்து வர்றத ஓடிப் புடிக்க அதுக்குத் தோணாது. இதுக்கு ஒரு வழி இருக்கு. மீன் மார்க்கெட்ல ஃப்ரெஷ்ஷா மட்டி வாங்கி, ரெண்டாப் பொளந்து, சதையோட ஒரு ஓட்ட பாறை மேல வைங்க. முதல்ல சுத்திச் சுத்தி வரும், தலைய சாச்சுப் பாக்கும், அப்புறம் மெதுவா ஒரு கொத்து. அந்த முதல் கொத்த பாக்கற சந்தோஷம் இருக்கே! பழகுனதும் அதே ஓட்டுல ஃப்ரோசன் மைசிஸ, அதாவது உறைய வெச்ச குட்டி இறால் மாதிரி தீனிய, திணிச்சு வைங்க, பல மீன் அப்படித்தான் வழிக்கு வருது. எல்லாம் வராது, அதையும் சொல்லிடறேன். மிச்சத்த அன்னைக்கே எடுத்துடுங்க, இல்லன்னா தண்ணி கெட்டுரும்.

மேண்டரின்னு ஒரு மீன், அதோட கதை வேற, அது நாள் முழுக்க கண்ணுக்கே தெரியாத கோபெபாட்ங்கற பொடிப் பூச்சி மாதிரி கடல் உயிர பொறுக்கித் தின்னுட்டே இருக்கணும், புது டேங்க்ல விட்டா சாப்பிடற மாதிரியே நடிச்சு இளைச்சுப் போகும். மூரிஷ் ஐடல் மீன்? கடல் பஞ்சு திங்கற ஆளு, விடுங்க, வேணாம்.

இப்ப கடைக்குப் போறீங்க. கலர பாக்காதீங்க, வயித்த பாருங்க, உள்வாங்கி இருந்தா அடுத்த டேங்குக்கு நகருங்க. "அண்ணே, கொஞ்சம் சாப்பாடு போட்டுக் காட்டுங்க"ன்னு கூச்சப்படாம கேளுங்க, வாயில வாங்கினா மட்டும் பத்தாது, துப்பாம முழுங்குதான்னு பாக்கணும். "இப்பதான் சார் சாப்டுச்சு"ன்னு சொன்னா, சிரிச்சுட்டு "சாயங்காலம் வரேண்ணே"ன்னு சொல்லிட்டு நெஜமாவே சாயங்காலம் போய் நில்லுங்க. இன்னும் நல்லது, அட்வான்ஸ் குடுத்துட்டு ஒரு வாரம் கடையிலயே விட்டு வைக்கச் சொல்றது. ஒத்துக்கற கடைக்காரர் உங்க ஏரியால இருந்தா கமெண்ட்ல ஏரியா பேர போடுங்க மக்களே, நெறைய பேருக்கு உதவும்.