போர்க்காலத்துக் கோச்சி: மட்டக்களப்புப் பாதையின் கதை

[திரையில்: இலங்கை வரைபடம். வடக்குப் பாதையிலிருந்து கிழக்குப் பாதை பிரியும் மாகோ சந்தியிலிருந்து ஒரு சிவப்புக் கோடு கிழக்கே நகர்கிறது.]

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குக் கோச்சியில், அதாவது ரயிலில், போவதென்றால் எந்தத் திசையில் போக வேண்டும்? வடக்கே என்றுதானே சொல்வீர்கள். இல்லை. மேற்கே, பொலன்னறுவையையும் தாண்டி ஏறத்தாழ 120 கிலோமீட்டர் போய், கல்லோயா சந்தியில் மாறி, மறுபடி கிழக்கே 70 கிலோமீட்டர் வர வேண்டும். அம்பாறைக்காரர் குழம்ப வேண்டாம், இது உங்கள் கல்லோயா ஆறு இல்லை. ஹபரணைக்குப் பக்கத்துச் சந்தி. இரண்டாம் உலகப் போரில் இந்தப் பாதை எப்படி ஓடியது என்பது அந்தச் சந்தியைப் பார்த்தால்தான் விளங்கும்.

ரயில் திருகோணமலைக்கு 1927இலும், மட்டக்களப்புக்கு அடுத்த வருடமும் வந்தது. இந்தப் பாதை போகும் புனானைக் காட்டில் ஆட்களைத் தின்ற சிறுத்தையைச் சுட்டதும் அந்தக் காலத்தில்தான், 1924இல். பாடம் பண்ணிய அந்தச் சிறுத்தை கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதற்குத் தனி வீடியோவே போடலாம்.

சரி, போருக்கு வருவோம். 1942 பெப்ரவரி 15, சிங்கப்பூர் விழுந்தது. அடுத்து பர்மாவும் போனதோடு நமக்கு வந்துகொண்டிருந்த பர்மா அரிசி நின்றது. அரிசி கூப்பனுக்கு வந்தது. இந்தியப் பெருங்கடலில் பிரித்தானியருக்கு மிஞ்சிய பெரிய கடற்படைத் துறைமுகங்களில் ஒன்று திருகோணமலை.

[திரையில்: 9 ஏப்ரல் 1942]

கொழும்பில் ஜப்பானியர் குண்டு விழுந்தது ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. நாலு நாள் கழித்துத் திருகோணமலை. தாக்குதல் வரப்போகிறது என்று தெரிந்து முதல்நாள் இரவே ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் துறைமுகத்தை விட்டுத் தெற்கே ஓடியது. அதில் விமானம் ஒன்றுகூட இல்லை. காலையில் மட்டக்களப்புக் கடலில் ஜப்பானியர் கண்டுபிடித்துவிட்டார்கள். 80க்கும் மேற்பட்ட குண்டுவீச்சு விமானங்களைத் தாக்க அனுப்பினார்கள். சில நிமிடங்களில் கப்பல் மூழ்கியது. 307 பேர் இறந்தார்கள். வைட்டா என்ற வைத்தியசாலைக் கப்பல் நூற்றுக்கணக்கானவர்களைத் தூக்கியெடுத்தது. இன்றும் ஹெர்மிஸ் கரையிலிருந்து ஒன்பது கிலோமீட்டரளவு தூரத்தில், 50 மீற்றருக்கும் அதிக ஆழத்தில் கிடக்கிறது.

போர் நம் வாசல்வரை வந்தது கடல் வழியாகத்தான். ரயிலில் வந்த போர் கல்லோயாவிலேயே திருகோணமலைப் பக்கம் திரும்பிவிட்டது. படைச் சாமான் பெரும்பாலும் திருகோணமலைத் துறைமுகத்துக்கும் சீனக்குடா விமானத் தளத்துக்கும்தான் போக வேண்டும். ஆனால் மட்டக்களப்புக் கிளையிலும் மின்னேரியா விமானத் தளம் உண்டு. ஹிங்குராக்கொட ஸ்டேஷனுக்குக் கிட்ட. போரின் கடைசிக் காலத்தில் லிபரேட்டர் விமானங்கள் பறந்த இடம் அது.

[திரையில்: நெருக்கக் காட்சி. தோல் பையோடு ஒரு கம்பி வளையம்.]

இதைக் கவனியுங்கள். இதுதான் டேப்லட். மாகோவுக்கு இங்கால் ஒற்றைத் தண்டவாளம். ஒரு ஸ்டேஷனுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு நேரத்தில் ஒரு ரயில்தான் நிற்கலாம், ஓடலாம். வளையத்துப் பைக்குள் இருக்கும் வில்லை கைக்கு வராமல் டிரைவர் நகர முடியாது. அடுத்த ஸ்டேஷனில் அதைக் கொடுத்துவிட்டுப் புதியதை வாங்க வேண்டும். மோதல் வராது, ஆனால் அவசரமும் செல்லாது. 1944 ஜனவரியில் பிரித்தானியரின் கிழக்குக் கடற்படை திருகோணமலைக்குத் திரும்பியபோது கொழும்பிலிருந்து ரயிலில் வந்ததெல்லாம் இந்த ஒற்றைப் பாதையில்தான் வர வேண்டியிருந்தது. மாகோவுக்கும் கல்லோயாவுக்கும் இடையில் மட்டக்களப்புக் கோச்சிக்கும் அதே தண்டவாளம்தான். அதற்கு மேல் நீராவி எஞ்சினுக்கு நிலக்கரி கடல் கடந்து வர வேண்டும், அந்தக் கடலில்தான் நீர்மூழ்கிகள்.

பாலங்களும் அப்படித்தான். மன்னம்பிட்டியிலும் ஓட்டமாவடியிலும் ரயிலுக்கும் வாகனத்துக்கும் அப்போது ஒரே இரும்புப் பாலம். கோச்சி வரும்போது கேற்றைப் போட்டுவிடுவார்கள். மாட்டுவண்டியும் லொறியும் காத்து நிற்கும்.

மட்டக்களப்புக்குத் தெற்கே நிலைமை வேறு. அம்பாறை மாவட்டம் என்று அப்போது ஒன்று இல்லை, 1961இல்தான் பிரித்தார்கள். சம்மாந்துறை, அக்கரைப்பற்று நெல்லை ரயிலில் அனுப்புவதென்றால் வீதி வழியே வடக்கே வந்து, கல்லடிப் பாலம் கடந்து மட்டக்களப்பு ஸ்டேஷனுக்கு வர வேண்டும். பாலத்தில் ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வாகனம்தான் போகும். பர்மா அரிசி நின்ற காலத்தில் நெல் விளைந்த பக்கம் இதுதான். தண்டவாளம் வராத பக்கமும் இதுதான். மன்னம்பிட்டி, ஓட்டமாவடி, கல்லடி மூன்றிலும் இப்போது புதுப் பாலம் வந்துவிட்டது. தண்டவாளம் மட்டும் இன்னும் மட்டக்களப்போடு நிற்கிறது.