ஏட்டில் வளரும் காடு

(சத்தியமங்கலம் பகுதி வாசகர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் கல்லூரி முதல்வர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, பணி நெருக்கடிக்கு நடுவே வந்து அமர்ந்திருக்கும் வனச்சரக அலுவலர் அவர்களே, கூட்டுறவுச் சங்கத்தின் முன்னாள் தலைவர் ஐயா அவர்களே (ஐயாவின் பெயர் அழைப்பிதழில் விடுபட்டுப் போனதாம், நடு நாற்காலியைக் கொடுத்துக் கணக்கை நேர் செய்துவிட்டார்கள்), மலையிலிருந்து இறங்கி வந்திருக்கும் சோளகர், ஊராளிப் பழங்குடிப் பெரியவர்களே, நாற்காலி போதாமல் பக்கவாட்டில் நிற்கும் தாய்மார்களே, வருகைப்பதிவு உண்டு என்று சொல்லி அழைத்து வரப்பட்ட மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். பொன்னாடைக்குப் பதில் ஈரிழைத் துண்டு போர்த்திய அமைப்பாளர்களுக்குத் தனி நன்றி. துண்டு துவைத்துக் கட்ட உதவும்.

எனக்குக் கொடுத்த தலைப்பு ‘இந்தியக் காடுகளின் இன்றைய நிலை’. நான்கு செய்தி சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். முதலாவது கணக்கு. இரண்டாவது சட்டம். மூன்றாவது காட்டுத்தீ. நான்காவது கடற்கரை அலையாத்திக் காடு. நடுவில், காட்டைப் பிடித்துப் பரவும் அயல் புதரான உண்ணிச்செடி வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தலைவர் இப்போதே சிரிக்கிறார்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். அந்த ஏட்டிலிருந்தே ஆரம்பிப்போம்.

டேராடூனில் இருக்கிறது இந்திய வன ஆய்வு நிறுவனம். 1987-ல் முதல் அறிக்கை போட்டது. அதன்பின் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை போடுவது வழக்கம். முதல் அறிக்கையில் நாட்டின் காட்டுப்பரப்பு 6,40,819 சதுர கிலோமீட்டர், அதாவது 19.49 சதவீதம். 2024 டிசம்பரில் வெளியான 2023-ஆம் ஆண்டு அறிக்கையில் 7,15,343 சதுர கிலோமீட்டர், 21.76 சதவீதம். காடாகக் கணக்கில் வராத சிறு சிறு மரத்தொகுதிகளையும் கூட்டினால் 25.17 சதவீதம். கால் பங்கைத் தாண்டிவிட்டோம் என்று தலைப்புச் செய்தி வந்தது. 1988 வனக் கொள்கை கேட்டது மூன்றில் ஒரு பங்கு. வழியில் பாதிக்கு மேல் வந்துவிட்டோம் என்று கை தட்டலாம்.

தட்டுமுன், எந்தப் படியால் அளந்தார்கள் என்று பாருங்கள். ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலம், நம் கணக்கில் இரண்டரை ஏக்கர். அதில் மரத்தின் தழைக்கவிப்பு 10 சதவீதம் இருந்தால் அது காட்டுப்பரப்பு. நிலம் யாருடையது, என்ன மரம் என்ற கேள்வி கிடையாது. ஏக்கர் நூறு சென்ட். உச்சிவெயிலில் பத்து சென்டுக்கு நிழல் விழுந்தால் அந்த ஏக்கர் காடு. மாந்தோப்பும் காடுதான், தென்னந்தோப்பும் காடுதான், தைல மரத் தோப்பும் காடுதான். கவிப்பு 10 முதல் 40 சதவீதம் என்றால் திறந்த காடு, 40 முதல் 70 வரை நடுத்தர அடர்காடு, 70-க்கு மேல் மிக அடர்ந்த காடு. பத்துக்குக் கீழே போனால் புதர்க்காடு என்று தனியாக எழுதிவிடுவார்கள்.

ஏமாற்ற வேண்டும் என்று யாரும் இதைச் செய்யவில்லை. செயற்கைக்கோளுக்குக் கண் அவ்வளவுதான். படத்தில் ஒரு புள்ளி தரையில் 23.5 மீட்டருக்கு 23.5 மீட்டர், ஏறத்தாழ பதின்மூன்றரை சென்ட். அந்தப் புள்ளியின் நிறத்தைத்தான் படிக்கிறார்கள். வடக்கே அக்டோபர் முதல் டிசம்பர் வரை வானம் தெளிந்திருக்கும், இலையும் உதிர்ந்திருக்காது, படம் எடுக்க நல்ல காலம். நம் பக்கம் அப்போதுதான் வடகிழக்குப் பருவமழை. மேகம் விலகிய நாளைத் தேடி மாசி வரை போனால் இலையுதிர் காடு மொட்டையாக நிற்கும். உள்ள மரமும் இல்லாதது போலத் தெரியும்.

படி மாறினால் நெல்லும் மாறும். 1999 அறிக்கையில் 6,37,293 சதுர கிலோமீட்டர். அடுத்த 2001 அறிக்கையில் 6,75,538. இரண்டே ஆண்டில் 38,245 சதுர கிலோமீட்டர் கூடிவிட்டது, கிட்டத்தட்ட ஒரு கேரளம்! அவ்வளவு மரம் யார் நட்டது? யாரும் நடவில்லை. அதுவரை பெரும்பாலும் கண்ணால் பார்த்து 25 ஹெக்டேருக்குக் குறைந்த துண்டுகளை விட்டுவிட்டுப் படம் வரைந்தார்கள். 2001-ல் நாடு முழுவதையும் கணினியில் ஏற்றி, ஒரு ஹெக்டேர் துண்டு வரை எண்ணினார்கள். முன்பு கண்ணில் படாத தோப்பெல்லாம் கூட்டலில் வந்தது. ஆகவே பழைய அறிக்கையையும் புதியதையும் பக்கத்தில் வைத்துக் கழித்துப் பார்த்து “காடு வளர்ந்தது” என்று சொல்பவரிடம், எந்தப் படியால் அளந்தது என்று முதலில் கேளுங்கள்.

இன்னொன்று, நிகரக் கணக்கு. 2021 அறிக்கையில் காட்டுப்பரப்பு 1,540 சதுர கிலோமீட்டர் கூடியதாகப் போட்டிருக்கிறது. அதே அறிக்கையில் வடகிழக்கு மாநிலங்களில் மட்டும் 1,020 சதுர கிலோமீட்டர் குறைந்திருக்கிறது. ஓரிடத்தில் மழைக்காடு போய், வேறோரிடத்தில் தோப்பு வந்தால் கூட்டல் கழித்தல் சரியாகத்தான் இருக்கும். மழைக்காட்டில் வாழும் இருவாச்சிப் பறவை போய்த் தோப்பில் கூடு கட்டுமா? ஏட்டுச் சுரைக்காய்!

சட்டத்துக்கு வருகிறேன். இதில் ஒரு கதை உண்டு, சொல்லாமல் விட மனம் வராது.

நிலம்பூர் கோவிலகம் என்று கேரளத்தில் ஓர் அரச குடும்பம். நீலகிரி கூடலூர்ப் பக்கத்துக் காடுகள் பல தலைமுறை அவர்கள் கையில் இருந்தவை. ஜன்மம் என்கிற பரம்பரை நில உரிமையை ஒழித்தபோது காடு அரசுக்குப் போயிற்று. போனால் போகட்டும், அரசாவது காப்பாற்றும் என்று நினைத்திருப்பார்கள். ஆனால் மரம் விழுந்துகொண்டே இருந்தது. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாடு 1995-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். மனு எண் 202. கேட்டது கூடலூர் மரத்துக்கு. நீதிபதிகள் கேட்டதோ வேறு: காடு என்றால் என்ன? 1980-ல் வனப் பாதுகாப்புச் சட்டம் போட்டவர்கள் அந்த ஒரு சொல்லுக்குப் பொருள் எழுத மறந்துவிட்டார்கள்! காப்புக்காடு என்று அரசாணை போட்டால்தான் காடு என்று மாநிலங்கள் சொல்லிக்கொண்டிருந்தன. 1996 டிசம்பர் 12 அன்று நீதிமன்றம் சொன்னது: அகராதியில் என்ன பொருளோ அதுதான் காடு. அரசுப் பதிவேட்டில் காடு என்று இருந்தால் அதுவும் காடு. நிலம் யாருடையதானாலும் சரி.

நல்லவேளை, நீதிபதிகள் கொங்கு அகராதியைப் புரட்டவில்லை. “அப்பா எங்கே?” என்று கேட்டால் “காட்டுக்குப் போயிருக்கார்” என்று சொல்கிற ஊர் இது. புரட்டியிருந்தால் நம் சோளக்காடும் கடலைக்காடும் அன்றைக்கே காப்புக்காடு ஆகியிருக்கும். களை எடுக்கவே மத்திய அரசிடம் அனுமதி கேட்டு நின்றிருப்போம். (பெரியவர்கள் சிரிப்பதற்கு வேறு காரணம் இருக்கிறது. “காடு வா வா என்கிறது” என்கிற அந்தக் காட்டை நான் சொல்லவில்லை.)

கூடலூரில் தொடங்கிய வழக்கு எங்கே போய் நின்றது தெரியுமா? அருணாசலப் பிரதேசத்தில் திராப், சாங்லாங் மாவட்டங்களின் மர அறுவை ஆலைகளுக்குப் பூட்டுப் போட்டது. வடகிழக்கிலிருந்து வெட்டுமரம் ரயிலிலும் லாரியிலும் படகிலும் வெளியேறத் தடை விழுந்தது. மனுப் போட்டவர் 2016-ல் காலமானார். வழக்கு இன்னும் உயிரோடு இருக்கிறது. 2023-ல் சட்டத்தைத் திருத்தி, பதிவேட்டுக் காட்டுக்குள் சுருக்கப் பார்த்தார்கள். 2024 பிப்ரவரி 19 அன்று உச்ச நீதிமன்றம், அகராதிப் பொருளே இப்போதைக்குத் தொடரட்டும் என்று இடைக்கால உத்தரவு போட்டது. இந்த மூன்று நான்கு வரியை மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள், போட்டித் தேர்வில் வரும்.

சட்டம் மரத்தை வெட்டாமல் தடுக்கும். மரத்துக்கு அடியில் என்ன முளைக்கிறது என்று சட்டமும் பார்ப்பதில்லை, செயற்கைக்கோளும் பார்ப்பதில்லை. மேலே தேக்கும் வாகையும் கவிந்திருந்தால் படத்தில் அடர்காடு. கீழே இறங்கி நடந்தால் மார்பளவுக்கு உண்ணிச்செடி! ஆமாம், வந்துவிட்டேன்.

வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து அழகுச்செடியாக ஐரோப்பாவுக்குப் போய், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்கு வந்தது. 2020-ல் இந்தியக் காட்டுயிர் நிறுவன ஆய்வாளர்கள் போட்ட மதிப்பீட்டின்படி, நாட்டில் ஒன்றரை லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட காட்டில் அது புகுந்திருக்கிறது. தமிழ்நாட்டைவிடப் பெரிய இடம். அடியில் புல் வளர விடாது. மாடு தின்றால் ஈரல் கெட்டு, வெயிலில் தோல் வெடிக்கும். காட்டெருமைக்கும் மானுக்கும் புல் இல்லை, யானைக்குப் போதவில்லை. அப்புறம் கரும்புக்குள் ஏன் வருகிறது என்று கேட்கிறோம்.

காட்டுத்தீயைத் தனியாகப் பேச நினைத்தேன். அதுவும் இதற்குள்ளேதான் வருகிறது. புல்லில் பிடித்த தீ முழங்கால் உயரத்தில் ஓடிப் போய்விடும். உண்ணிப் புதரில் பிடித்தால் ஏணி வைத்தது போல மரத்தின் கிளைக்கு ஏறிவிடும். சோளகர் முன்பு ‘தரகு பெங்கி’ என்று, கோடையின் தொடக்கத்தில் சருகுக்குச் சிறு தீ வைத்துக் காட்டைத் துப்புரவாக வைத்திருந்தார்கள். அது நின்றதும் உண்ணி ஏறியது என்கிறார்கள். இங்கே உட்கார்ந்திருக்கும் பெரியவர்களிடம் கூட்டம் முடிந்ததும் கேளுங்கள். என்னைவிட அவர்கள் சொல்வது மேல்.

எப்படி எடுப்பது? இதில்தான் ஆயிரம் தப்பு நடக்கிறது. அரிவாளால் தரைமட்டத்தில் வெட்டினால், ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்க்கும். தீ வைத்தால் மேலே கருகும், அடியிலிருந்து மறுபடி கிளம்பும். ஜேசிபி விட்டால் மண் புரண்டு, புதைந்து கிடந்த விதையெல்லாம் முளைக்கும். கூடவே இருந்த நாட்டுக் கன்றும் நசுங்கும். டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர். பாபுவின் குழு கார்பெட் புலிகள் காப்பகத்தில் செய்து காட்டிய முறை எளிது. உண்ணி துளிர்ப்பது தண்டும் வேரும் சேரும் கழுத்திலிருந்துதான். அந்தக் கழுத்துக்குக் கீழே, மண்ணுக்குள் 3 முதல் 5 சென்டிமீட்டரில், அதாவது இரண்டு விரற்கடை ஆழத்தில், ஆணிவேரை அறுக்க வேண்டும்.

ஆள் புதருக்கு முதுகைக் காட்டி நின்று, குந்தாலியை ஏறக்குறையத் தலைகீழாகப் பிடித்து, தன் காலுக்குப் பின்னால் இருக்கும் வேர்க்கழுத்தில் போட வேண்டும். முகத்தைக் காட்டி நின்றால் முள் முகத்தில் அடிக்கும், அடியும் மேலாகவே விழும். மூன்று நான்கு போடில் வேர் அறும். புதரை அப்படியே தூக்கி, வேர் வானத்தைப் பார்க்கக் கவிழ்த்துவிட வேண்டும். நிமிர்த்திப் போட்டால், மழை ஈரத்தில் தண்டு மண்ணைத் தொட்ட இடத்தில் வேர் விடும். பச்சைக்காய் கறுக்குமுன் எடுப்பது முக்கியம். கறுத்துவிட்டால் கொண்டைக்குருவியும் மைனாவும் மற்ற வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

எடுத்ததோடு வேலை முடியவில்லை. ஒப்பந்தம் முடிந்து, படம் பிடித்து, பட்டியல் பாஸாகி எல்லோரும் கிளம்பிவிடுவது இங்கேதான். அடுத்த மழைக்கு, பறவை உட்காரும் மரத்தடியிலும் ஓடைக்கரையிலும் கன்று முளைக்கும். கையால் பிடுங்கிவிடலாம், ஒரு சாண் வளருமுன். ஆண்டுக்கு இருமுறை, குறைந்தது மூன்று ஆண்டு. வெற்றாகக் கிடக்கும் மண்ணில், அதே காட்டில் மிஞ்சி நிற்கும் திட்டுகளிலிருந்து மஞ்சம்புல், ஊசிப்புல் விதை சேகரித்துத் தூவ வேண்டும். தூவாவிட்டால் பார்த்தீனியம் வந்து உட்கார்ந்துகொள்ளும். எடுத்த குச்சியும் வீண் இல்லை. கூடலூர்ப் பக்கம் பழங்குடி மக்கள் அதை வளைத்து நிஜ யானை அளவுக்கு யானை செய்கிறார்கள், கடல் கடந்து போகிறது.

தமிழ்நாடு அரசு 2022-ல் இப்படிப் பரவி ஆக்கிரமிக்கும் அயல் தாவரங்களுக்கென்று ஒரு கொள்கையே வெளியிட்டது. நல்ல கொள்கை. ஆனால் புதரை எடுப்பதற்குத்தான் பணம் தாராளமாக வருகிறது, மூன்றாம் ஆண்டுப் பிடுங்கலுக்கு வருவதில்லை. கன்று நடும் விழாவுக்குக் குழி, கம்பி வலை, பந்தல், ஒலிபெருக்கி என்று செலவாகும் காசில் பாதியை இதற்குத் திருப்புங்கள் என்பதுதான் என் கோரிக்கை. வனச்சரக அலுவலர் ஐயா குறித்துக்கொள்கிறார், நன்றி ஐயா. ஊட்டியிலும் பழனி மலையிலும் இதே கூத்து வேறு வேஷத்தில் நடக்கிறது. உச்சிப் புல்வெளி அறிக்கையில் காடு இல்லை. அதை மூடி வளர்ந்த வாட்டில் என்கிற அயல் மரம், அங்கே சீகை என்பார்கள், அது காடு! புல்வெளி செத்தால் ஏட்டில் காடு வளர்கிறது. இந்தச் சுரைக்காயை எந்தச் சட்டியில் போட்டுச் சமைப்பது?

மணி அடித்துவிட்டார்கள். அலையாத்திக்கு நேரம் இல்லை, இன்னொரு நாள் கூப்பிடுங்கள்.

ஊராட்சித் தலைவர் அம்மா, ஊருக்கு மேற்கே உள்ள ஓடைப் புறம்போக்கில் உண்ணி எடுக்கத் தீர்மானம் போட்டிருக்கிறார்கள். ஞாயிறு காலை ஆறரை மணிக்கு ஆரம்பம். குந்தாலி ஊராட்சியில் கொடுப்பார்கள். முழுக்கைச் சட்டை, தடித்த கையுறை, தண்ணீர் நீங்கள் கொண்டுவர வேண்டும். ஒரே ஒரு எச்சரிக்கை: ஓடைக்கு அந்தப் பக்கம் எல்லைக்கல் இருக்கிறது, அதற்கு மேல் காப்புக்காடு. ஆர்வத்தில் அனுமதி இல்லாமல் கல்லைத் தாண்டிவிட்டால் வழக்கு வரும். கல்லுக்கு இந்தப் பக்கமே இந்த ஆண்டுக்குப் போதுமான புதர் இருக்கிறது.