ஒரே பைன் மரத்தில் சந்தித்துக்கொண்ட பூச்சிகள்

எல்லோருக்கும் வணக்கம். காட்டுப் பூச்சிகளைப் பற்றிப் பேசும்போது ஒவ்வொன்றாக எடுத்துப் பேசுவது நம் வழக்கம். எங்கிருந்து வந்தது, எதைத் தின்கிறது, எதை வைத்து அடக்கலாம். நட்டு வளர்த்த காட்டில் இந்த வழக்கம் நம் காலை வாரிவிடுகிறது. அங்கே நிற்பது ஒரே இன மரம், ஒரே வயது, மைல்கணக்கில் வரிசை. ஒரு அயல்நாட்டுப் பூச்சிக்கு இடம் கொடுத்த மரத்துக்குத்தான் அடுத்ததும் வந்து சேரும். இரண்டும் ஒரே மரத்தில் இருக்கும்போது என்ன நடக்கிறது என்பதே என் பேச்சு.

ஆஸ்திரேலியாவின் ராடியேட்டா பைன் காடுகளைப் பார்ப்போம். அந்த மரமே கலிஃபோர்னியக் கடற்கரையிலிருந்து போனது. அதைத் துளைக்கும் சைரக்ஸ் மரக்குளவி ஐரோப்பா, ஆசியா, வட ஆப்பிரிக்கா பக்கத்துப் பூச்சி. 1900 வாக்கில் நியூசிலாந்தில் தென்பட்டு, 1952-இல் டாஸ்மேனியாவை எட்டியது. ஐப்ஸ் என்ற பட்டை வண்டு வட அமெரிக்காவிலிருந்து வந்து 1943-இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் கண்டுபிடிக்கப்பட்டது. பைன் அசுவினி ஒன்று 1998-இல் தெரியவந்தது. குளவியும் வண்டும் தத்தம் தாய்நாட்டில் இருந்த வரைக்கும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை. நாம் நட்ட காட்டில்தான் சந்தித்துக்கொண்டன.

பெண் குளவி முதலில் தேடிப்போவது நலிந்த மரத்தை. நெருக்கமாக நட்டு, இடையிடையே மரங்களை வெட்டிக் கலைத்துவிடாமல் விட்ட காட்டில் அப்படிப்பட்ட மரத்துக்குப் பஞ்சமில்லை. முட்டையிடும் ஊசியை மரத்துக்குள் இறக்கி, முட்டையோடு ஒரு நச்சுச் சளியையும் ஒரு பூஞ்சையின் வித்துகளையும் சேர்த்தே வைக்கிறது. சளி மரத்தைத் தளர்த்துகிறது, பூஞ்சை கட்டையை உலரவைத்துப் பரவுகிறது. அந்தப் பூஞ்சையை நம்பித்தான் முட்டையிலிருந்து வரும் குளவிப் புழு வளர்கிறது. கடைசியில் மரம் பட்டுப்போகிறது. 1987 முதல் 1989 வரை தெற்கு ஆஸ்திரேலியா, விக்டோரியா எல்லையில் உள்ள கிரீன் டிரையாங்கிள் பகுதியில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்கள் இப்படிப் போயின.

இந்தக் குளவியை அடக்கக் கிடைத்த ஆயுதம் ஒரு நூற்புழு, அதாவது நூல்போன்ற ஒரு நுண்புழு. இதன் வாழ்க்கையை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. குளவிப் புழு அருகில் இல்லாதபோது அதே பூஞ்சையைத் தின்று கட்டைக்குள் பெருகிக்கொண்டே இருக்கும். குளவிப் புழு அருகில் வந்தால் வேறு உருவம் எடுத்து அதன் உடலுக்குள் புகுந்துவிடும். புழு குளவியாக மாறும் காலத்தில், பெண்ணாக இருந்தால் அதன் முட்டைகளுக்குள் நூற்புழுக் குஞ்சுகள் ஏறிக்கொள்ளும். அந்தப் பெண் குளவி பறந்துபோய் அடுத்த மரத்தில் இடுவது குஞ்சு பொரிக்காத, நூற்புழு நிறைந்த முட்டைகளை. தன் இனத்தின் எமனைத் தானே சுமந்துபோய்ச் சேர்க்கிறது.

இதைக் காட்டுக்குள் பரப்பப் பொறி மரங்கள் தேவை. சில மரங்களில் களைக்கொல்லியை ஊசி போட்டு வேண்டுமென்றே நலிவடையச் செய்வார்கள். குளவிகள் அவற்றைத் தேடி வந்து முட்டையிடும். அப்புறம் அந்த மரத்தை வெட்டிச் சாய்த்து, ஒரு தனிச் சுத்தியலால் துளை போட்டு, நூற்புழுக்களைக் கூழோடு கலந்து உள்ளே செலுத்துவார்கள். அருமையான ஏற்பாடு.

ஆனால் நலிந்த மரம் ஐப்ஸ் வண்டுக்கும் பிடித்த மரம். ஆண் வண்டு முதலில் துளைத்துப் போய் வாசனை விட்டுக் கூட்டத்தை அழைக்கிறது. அவை உடம்பில் நீலக்கறைப் பூஞ்சையைக் கொண்டுவருகின்றன. அது முந்திக்கொண்டு பிடித்த கட்டையில் குளவியின் பூஞ்சை வளர முடிவதில்லை. நீலக்கறைப் பூஞ்சையைத் தின்று நூற்புழுவாலும் பிழைக்க முடியாது. ஆக, வண்டு நூற்புழுவைத் தொடவே இல்லை, ஆனாலும் அதன் சோற்றைப் பறித்துவிட்டது. குளவிக்கும் அந்த மரத்தில் நட்டம்தான். ஆனால் பக்கத்து மரங்களில் அது வழக்கம்போலப் பெருகும், அதை அடக்கவேண்டிய நூற்புழுவோ பொறி மரத்திலிருந்து வெளியே போவதில்லை. ஒரு பூச்சிக்காக நாம் விரித்த வலையை இன்னொரு பூச்சி கெடுத்துவிடுகிறது. இதை நான் மிகவும் கவலையோடு பார்க்கிறேன், ஏனென்றால் குளவியை மட்டும் கணக்கில் வைத்தவர் கண்ணுக்கு இது தெரியவே தெரியாது.

அசுவினி வேறு வகை. அது ஊசியிலையின் சாற்றை உறிஞ்ச, இலை மஞ்சளாகி உதிரும், மரம் இளைக்கும். இளைத்த மரத்தின் மேல் குளவிக்கும் வண்டுக்கும் கண் விழும் என்ற ஐயத்தை ஆய்வாளர்கள் எழுப்பியிருக்கிறார்கள்.

எல்லாச் சந்திப்பும் இப்படி முடிவதில்லை. மத்தியதரைக்கடல் பகுதி யூகலிப்டஸில் இலையில் முடிச்சு உண்டாக்கும் இரண்டு குளவிகள் சேர்ந்தே வாழ்கின்றன. ஒன்று கொழுந்தின் நடுநரம்பையும் காம்பையும் எடுத்துக்கொள்கிறது, மற்றது விரிந்த இலையின் பரப்பை. சண்டைக்கு அதிகம் வேலையில்லை. அமெரிக்காவில் ஹெம்லாக் என்ற ஊசியிலை மரத்தில் நடந்ததோ தலைகீழ். அது நட்ட காடு அல்ல, ஆனாலும் சொல்லியாக வேண்டும். வெண்பஞ்சு போர்த்திய ஒரு சாறுறிஞ்சியும் ஒரு செதில் பூச்சியும் சேர்ந்திருந்த மரங்கள், சாறுறிஞ்சி மட்டும் இருந்த மரங்களைவிடக் குறைவாகவே நலிந்தன. செதில் பூச்சி ஏற்படுத்துவது சிறு சேதம், ஆனால் பெரிய சேதம் செய்யும் எதிராளிக்கு அது இடம் விடுவதில்லை. இரண்டு பூச்சி என்றால் இரட்டைச் சேதம் என்று கூட்டல் போட்டுவிட முடியாது.

சரி, களத்தில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்? நூற்புழு செலுத்தும் முன் பொறி மரத்தின் பட்டையைச் சில இடங்களில் உரித்துப் பாருங்கள். வண்டின் சுரங்கமோ, கட்டையில் நீலம் பாய்ந்த திட்டோ தெரிந்தால் அந்த மரத்தில் நூற்புழுவை வீணாக்காதீர்கள். குளவிக்கு ஒரு பதிவேடு, வண்டுக்கு ஒன்று, அசுவினிக்கு ஒன்று என்று பிரித்து வைத்திருப்பவர்கள், மரத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கி மூன்றையும் அதிலேயே எழுதத் தொடங்குங்கள்.