எழுதியவர்களா, வழக்குக்குப் போனவர்களா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

அமெரிக்க அரசியல் சாசனத்தின் 14-வது திருத்தத்துக்கு உயிர் கொடுத்தவர்கள் சட்டம் இயற்றியவர்களே என்று எதிரணித் தலைவர் முழங்கிவிட்டு அமர்ந்திருக்கிறார். ஒஹையோவின் ஜான் பிங்கம், சட்டம் எல்லோரையும் சமமாகக் காக்கவேண்டும் என்ற சம பாதுகாப்பு வாசகத்தை எழுதினார், 1866 ஜூனில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் நிறைவேற்றியது, ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன் எதிர்த்தும் 1868 ஜூலையில் மாநிலங்களின் ஒப்புதல் கிடைத்தது என்றார். அத்தனையும் உண்மை. பிங்கமுக்கு நாங்களும் தலைவணங்குகிறோம். ஆனால் உயிர் கொடுத்தவர்கள் நீதிமன்றப் படியேறிய சாமானியர்கள் என்பதே எங்கள் கட்சி.

இந்த மண்ணில் பிறந்தவர் குடிமகன் என்று எழுதவேண்டிய தேவை காங்கிரஸுக்கு ஏன் வந்தது? 1846-ல் செயின்ட் லூயிஸில் டிரெட் ஸ்காட், ஹேரியட் என்ற அடிமைத் தம்பதி விடுதலை கேட்டு வழக்குப் போட்டார்கள். பதினோரு வருடம் இழுத்தடித்து, கறுப்பினத்தவர் குடிமக்களே அல்ல என்று 1857-ல் தீர்ப்பு சொன்னார் தலைமை நீதிபதி ரோஜர் டேனி. அந்தத் தீர்ப்பைத் துடைத்தெறியத்தான் திருத்தத்தின் முதல் வரியே பிறந்தது. அதைப் பார்க்க ஸ்காட் இல்லை, 1858-லேயே இறந்துபோனார்.

சரி, எழுதியாயிற்று. பிறகு? 1896-ல், ரயிலில் வெள்ளையருக்கு ஒரு பெட்டி, கறுப்பருக்கு ஒரு பெட்டி என்று பிரித்து வைப்பது செல்லும் என்றது உச்ச நீதிமன்றம். எழுதிய பிங்கம் அப்போது உயிரோடுதான் இருந்தார், நடுவர் அவர்களே! அவர் எழுத்து சட்டப்புத்தகத்தில் கிடந்தது. வழக்குக்குப் போன ஹோமர் பிளெஸ்ஸி தோற்றாரே என்பீர்கள். தோற்றார். அடுத்தவர்கள் விடவில்லை.

வாங் கிம் ஆர்க்கைப் பாருங்கள். சான் பிரான்சிஸ்கோவில் பிறந்த சமையல்காரர். பெற்றோர் சீனர்கள். சீனா போய்விட்டு 1895-ல் திரும்பியவரைத் துறைமுக அதிகாரி இறங்க விடவில்லை. இங்கேதான் பிறந்தார் என்று சாட்சிகள் கையெழுத்திட்ட காகிதம் இருந்தும் பலிக்கவில்லை. பிறந்த ஊர் கண்ணெதிரே தெரிய, கப்பல் மாற்றிக் கப்பலாக மாதக்கணக்கில் அடைத்து வைத்தார்கள். அவர் திரும்பிப் போகவில்லை, வழக்காடினார். 1898-ல் ஆறுக்கு இரண்டு என்ற கணக்கில் வென்றார். பெற்றோர் எந்த நாட்டவராயினும் இங்கே பிறந்த பிள்ளை குடிமகன் என்பது அன்றுதான் உறுதியானது.

அடுத்து, வர்ஜீனியாவின் ஃபார்ம்வில். கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளியில் இடம் போதாமல், தார்க்காகிதம் போர்த்திய கொட்டகைகளில் வகுப்பு நடந்தது. கூரை ஒழுகும். அடுப்பை ஒட்டி உட்கார்ந்த பிள்ளை வெந்து போகும், தள்ளி உட்கார்ந்தது குளிரில் நடுங்கும். 1951 ஏப்ரலில் பார்பரா ஜான்ஸ் என்ற பதினாறு வயதுப் பெண், தலைமையாசிரியரை ஒரு தொலைபேசிப் புரளியால் வெளியே அனுப்பிவிட்டு, மாணவர்களைக் கூட்டி, பள்ளியை விட்டே வெளிநடப்புச் செய்தாள். அவர்கள் கேட்டது நல்ல கட்டடம். பிரித்துவைக்கும் முறையையே எதிர்த்தால்தான் வழக்கை எடுப்போம் என்றார்கள் வழக்கறிஞர்கள். பிள்ளைகளும் பெற்றோரும் துணிந்தார்கள். 1954 மே 17-ல், பள்ளிகளில் இனம் பார்த்துப் பிரிப்பது செல்லாது என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்த பிரவுன் வழக்கு என்கிறோமே, அதில் சேர்ந்த ஐந்து வழக்குகளில் ஒன்று இந்தப் பிள்ளைகளுடையது.

1896-க்கும் 1954-க்கும் இடையில் 14-வது திருத்தத்தில் ஒரு காற்புள்ளிகூட மாறவில்லை. எழுத்துதான் உயிர் என்றால், அதே எழுத்து ஐம்பத்தெட்டு வருடம் ஏன் பேசவில்லை? எதிரணி இதற்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும்.

பழங்கதை என்று தள்ளவும் முடியாது. எச்-1பி என்ற தற்காலிக வேலை விசாவில் வந்து, நிரந்தரமாகத் தங்க உரிமை தரும் கிரீன் கார்டுக்கு வருடக்கணக்கில் காத்திருக்கும் குடும்பங்கள் இந்த அரங்கிலேயே இருக்கின்றன. தாய் தற்காலிக விசாவில் இருந்து, தந்தையும் குடிமகனோ கிரீன் கார்டு உள்ளவரோ இல்லையென்றால், இங்கே பிறக்கும் குழந்தைக்குக் குடியுரிமை கிடையாது என்று 2025 ஜனவரி 20-ல் ஜனாதிபதி டிரம்பின் ஆணை வந்ததே! எதிர்த்து மாநில அரசுகள் போயின. வயிற்றுப் பிள்ளையோடு தாய்மார்களும் போனார்கள். அவர்கள் பக்கம் எடுத்து வைத்த முதன்மையான ஆதாரம் வாங் கிம் ஆர்க் தீர்ப்பு. அந்தச் சமையல்காரர் 1895-ல் தலையெழுத்து என்று கப்பலிலேயே சீனா திரும்பியிருந்தால், இந்தத் தாய்மார்களின் வக்கீல் எந்தத் தீர்ப்பைக் காட்டி வாதாடியிருப்பார்? எதிரணியினர் சொல்லட்டும்.