லாவா ஏரியின் மேல் ஒரு நடை: கிலாவேயா இக்கி

[காட்சி: பள்ளத்தின் விளிம்பிலிருந்து கீழ்நோக்கி. சாம்பலும் கறுப்புமாக ஒரு பெரிய தரை. குறுக்கே வெளிறிய கோடு. கேமரா நெருங்கும்போது, அந்தக் கோட்டின் மேல் ஆட்கள் நடந்து போவது தெரிகிறது.]

கீழே தெரிகிற இந்தத் தரை, 1959 நவம்பர் மாத நடுவில் கிடையாது. அந்த இடத்தில் அப்போது ஒரு லாவா ஏரி நிரம்பிக்கொண்டிருந்தது. வெப்பம் சுமார் 1,200 டிகிரி செல்சியஸ். ஆழம் கடைசியில் 120 மீட்டரைத் தாண்டியது. அந்த ஏரி இங்கிருந்து எங்கும் போய்விடவில்லை. இருந்த இடத்திலேயே உறைந்து கல்லானது. அந்தக் கோட்டில் போகிறவர்கள் ஏரியின் மேல்பரப்பில்தான் நடக்கிறார்கள். நண்பர்களோடு நாங்களும் நடந்தோம்.

இடம் ஹவாய். தீவுக்கூட்டத்தின் பெரிய தீவில், ஹவாய் எரிமலைகள் தேசியப் பூங்காவுக்குள் கிலாவேயா என்ற எரிமலை. அதன் உச்சியில் இருக்கும் பெரும் பள்ளத்துக்கு ஒட்டினாற்போல இன்னொரு சிறிய பள்ளம், அதுதான் கிலாவேயா இக்கி. சிறியது என்று சொல்வது பக்கத்து வீட்டுக்காரரோடு ஒப்பிட்டுத்தான். நீளம் ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மேல். சுற்றி வரும் பாதை 5.3 கிலோமீட்டர், இறக்கமும் ஏற்றமும் சுமார் 120 மீட்டர். வேகமாக நடப்பவருக்கு இரண்டு மூன்று மணி நேரம் போதும். எங்களுக்குப் போதவில்லை, காரணம் போகப்போகத் தெரியும்.

முதலில் ஒரு விஷயம். எரிமலை வாய் என்றாலே வெடித்துக் கிளம்பிய ஓட்டை என்றுதான் நாம் நினைப்போம். இது அப்படி உருவானதல்ல. அடியில் தேங்கியிருந்த மாக்மா, அதாவது நிலத்துக்குள் இருக்கும் உருகிய கல், வேறு பக்கம் வடிந்து போனதும், தாங்க ஆளில்லாமல் மேலே இருந்த தரை உள்ளே சரிந்து விழுந்தது. அந்தச் சரிவுதான் இந்தப் பள்ளம். 1959க்கு முன் இது இப்போதைப் போல இரண்டு மடங்கு ஆழம். பாதியை அந்த ஒரே வெடிப்பு நிரப்பிவிட்டது.

[காட்சி: ஈரமான காட்டுப் பாதை. மரப்பெரணிகள். ஓஹியா மரத்தில் சிவப்புப் பூ.]

மேலே விளிம்பில் இருப்பது மழைக்காடு. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,200 மீட்டர் உயரம் என்பதால் ஹவாய் என்றதும் நாம் நினைக்கும் கடற்கரை வெயில் இங்கே இல்லை. குளிரும், தூறலும், மூடுபனியும்தான். ஆளை விட உயரமான பெரணிகள், அவற்றின் மேல் ஓஹியா மரங்கள், மரத்தில் பட்டுக்குஞ்சம் மாதிரி சிவப்புப் பூக்கள், பூவில் தேன் குடிக்க வரும் சிவப்புக் குருவிகள். பாதை தொடங்கும் இடத்தில் செருப்பு, பூட்ஸைத் தேய்த்துவிட்டுப் போக ஒரு பிரஷ் வைத்திருக்கிறார்கள். சும்மா இல்லை. ஓஹியா மரங்களை ஒரு பூஞ்சை நோய் கூட்டங்கூட்டமாகக் கொன்றுகொண்டிருக்கிறது. மண்ணோடு ஒட்டிக்கொண்டு அது நம் காலில் பயணம் செய்யும். தேய்த்துவிட்டே போங்கள்.

வழியோரத்தில் மஞ்சள் பூவோடு வாழை இலை போல அகன்ற இலைச் செடி ஒன்று அடர்ந்து நிற்கும். வாசனை ஆளைத் தூக்கும். எங்களோடு வந்த ஒருத்தி அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டாள். அது இமயமலைப் பக்கத்து இஞ்சி வகை. நம் ஊர்ப் பக்கத்திலிருந்து அழகுக்காகக் கொண்டுபோய், இப்போது ஹவாய் காட்டையே நெரிக்கிற களையாகிவிட்டது. பூங்கா ஊழியர்கள் அதை வெட்டிக்கொண்டே இருக்கிறார்கள்.

பாதையை எந்தப் பக்கம் சுற்றினாலும் வந்த இடத்துக்கே வருவீர்கள். ஆனால் கடிகார முள்ளுக்கு எதிராகப் போவதுதான் நல்லது என்பேன். மேற்கு முனையில் இறங்கினால், லாவா வெளியே வந்த வாயை முதலில் பார்த்துவிட்டு, பிறகு அது நிரப்பிய தரையில் நடக்கலாம். நடந்த கதை நடந்த வரிசையிலேயே கண்ணில் படும்.

[காட்சி: பெரிய பாறைத் துண்டுகளுக்கு இடையே பாதை. ஒரு பக்கம் செம்பழுப்புக் குன்று ஒன்று.]

சரி, அந்தக் கதைக்கு வருவோம். 1959 ஆகஸ்டில் கிலாவேயாவுக்கு அடியில், 50 கிலோமீட்டருக்கும் ஆழத்தில், நிலநடுக்கங்கள் தொடர்ந்தன. அடுத்த மாதங்களில் எரிமலையின் உச்சி உப்பத் தொடங்கியது. நவம்பர் 14 இரவு 8 மணி வாக்கில் இந்தப் பள்ளத்தின் தெற்குச் சுவரில் வரிசையாகப் பிளவுகள் திறந்து லாவா பீறிட்டது. ஒரு நாளுக்குள் மற்ற பிளவுகள் அடங்கி, ஒரே ஒரு வாய் மட்டும் மிஞ்சியது. அந்த ஒற்றை வாய் வழியாகத்தான் மீதி எல்லாம்.

முதல் கட்டம் ஒரு வாரம் ஓடியது. அதற்கப்புறம் டிசம்பர் 20 வரை 16 முறை விட்டு விட்டு வந்தது. பலவும் சில மணி நேரத்திலேயே முடிந்துவிடும். ஆனால் அந்தச் சில மணி நேரத்தில் லாவா ஊற்று எழும்பிய உயரம், ஒரு கட்டத்தில் 580 மீட்டர். நீங்கள் நிற்கும் விளிம்பிலிருந்து நிமிர்ந்து பார்த்தாலும் அண்ணாந்து கழுத்து வலிக்கும் உயரம் அது.

எங்களை எல்லாம் அதிகம் வியக்க வைத்தது இந்த உயரம் இல்லை, ஏரி வற்றிய விதம். ஏரியின் மட்டம் வாயை மூழ்கடிக்கும் அளவுக்கு ஏறியதும் ஊற்று அடங்கும். உடனே ஏரியின் லாவா அதே வாய்க்குள் திரும்ப வடியும். அதுவும் வந்த வேகத்தை விட அதிக வேகத்தில், சுழன்றுகொண்டு. மறுபடி நிரம்பும், மறுபடி வடியும். அப்படி வடியும்போது சுவரோரம் ஏற்கெனவே உறைந்த பகுதி மட்டும் மேலேயே நின்றுவிட்டது. இப்போதும் பள்ளத்தைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வளையம் ஓடுவதைப் பார்க்கலாம், தரையிலிருந்து சுமார் 15 மீட்டர் உயரத்தில். ஏரி எதுவரை நிரம்பியிருந்தது என்பதற்கு அதுதான் அடையாளம்.

அந்தச் செம்பழுப்புக் குன்றின் பெயர் புவு புவாய். இங்கே வடகிழக்கிலிருந்து காற்று ஓயாமல் வீசும். ஊற்றிலிருந்து தெறித்த நுரைக்கல்லை எல்லாம் தென்மேற்கே தள்ளிக் குவித்துவிட்டது. அதனால்தான் குன்று ஊற்றின் ஒரு பக்கம் மட்டும் இருக்கிறது. அதன் மேல் ஏறக்கூடாது. கல் எல்லாம் உதிரி, காலை வைத்தால் சரியும்.

[காட்சி: தரை. கல்லை அடுக்கிய சிறு குவியல்கள் வரிசையாக. நெருக்கத்தில் ஒரு கல் துண்டு.]

தரையில் இறங்கியதும் முதலில் தெரிவது, அது தட்டையே இல்லை என்பது. பாளம் பாளமாக உடைந்து, ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து கிடக்கிறது. சூடான பாலை ஆறவைத்தால் மேலே ஆடை படியும், பால் குறையக் குறைய அந்த ஆடை சுருங்கி மடியும் அல்லவா? அதே கதைதான், அளவு மட்டும் வேறு. உறைந்த தோலுக்கு அடியில் லாவா வடிந்தபோதும் குளிர்ந்து சுருங்கியபோதும் தோல் உடைந்து தொய்ந்தது.

குனிந்து ஒரு துண்டைப் பாருங்கள். கறுப்புக் கல்லில் பொடிப்பொடியாகப் பச்சை மணிகள், பாட்டில் கண்ணாடித் துண்டு மாதிரி. அது ஆலிவின் என்ற கனிமம். 1959 லாவாவில் அது வழக்கத்தை விட அதிகம். பார்த்துவிட்டு அங்கேயே வைத்துவிடுங்கள். கல்லை எடுத்துப் போனால் எரிமலைத் தெய்வம் பெலே சாபமிடுவாள் என்று சொல்வார்கள், எடுத்துப் போனவர்கள் பயந்து தபாலில் திருப்பி அனுப்புவதும் உண்டு. சாபத்தை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் தேசியப் பூங்காவிலிருந்து கல்லை எடுப்பது சட்டப்படிக் குற்றம். அதைவிட, ஹவாய் மக்களுக்கு பெலே வெறும் கதை இல்லை, அவர்கள் கும்பிடும் தெய்வம். இந்த மண் அவள் வீடு.

பாதையைக் காட்டக் கல்லை அடுக்கி வைத்திருக்கிறார்கள். மூடுபனி இறங்கினால் அதுதான் வழிகாட்டி. பொழுதுபோக்குக்காக நீங்களும் நாலு கல்லை அடுக்கிவைத்துவிட்டு வராதீர்கள், பின்னால் வருகிறவர் தப்பான பக்கம் போய்விடுவார்.

[காட்சி: தரையில் ஒரு விரிசல். அதிலிருந்து வெண்மையாக நீராவி. ஒருவர் கையை நீட்டிப் பார்க்கிறார்.]

பாதி தூரத்தில் ஒரு விரிசலிலிருந்து புகை வந்தது. கையைத் தள்ளி நீட்டினால் உள்ளங்கை ஈரமாகிறது, மூக்குக்கண்ணாடி மங்குகிறது. கந்தக நெடி இல்லை. நண்பன் ஒருத்தன் அப்படியே நின்றுவிட்டான்.

"டேய், கீழே இன்னும் கொதிச்சுக்கிட்டுத்தான் இருக்கா?"

"இல்லடா, அது மழைத்தண்ணி."

பதில் சரிதான், ஆனால் அரைகுறை. முழுசாகச் சொல்ல ஒரு சின்னக் கணக்குப் போட வேண்டும்.

கல் வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். மேலே ஒரு மீட்டர் உறைந்துவிட்டால், கீழே இருக்கும் சூடு அந்த ஒரு மீட்டர் கல்லைத் தாண்டித்தான் வெளியே வர வேண்டும். தோல் தடிக்கத் தடிக்க, அடுத்த மீட்டர் உறைய இன்னும் நேரமாகும். தடிமன் இரண்டு மடங்கு ஆக வேண்டுமானால் காலம் நான்கு மடங்கு. தடிமன் பத்து மடங்கு ஆக, காலம் நூறு மடங்கு. முதல் மீட்டர் உறைய ஒரு வாரம் என்று வைத்துக்கொள்வோம். 10 மீட்டருக்கு 100 வாரம், கிட்டத்தட்ட 2 வருஷம். 120 மீட்டர் ஏரி மேலேயும் கீழேயுமாக உறைந்து 60 மீட்டரில் சந்திக்க 3,600 வாரம். அதாவது 69 வருஷம். அந்தக் கணக்குப்படி இந்த ஏரியின் நடுவில் இன்றும் லாவா குழம்பாக இருக்க வேண்டும்.

இல்லை. 1990களின் நடுவிலேயே முழுக்க உறைந்துவிட்டது. சுமார் 35 வருஷம். பாதிக் காலத்தை மிச்சப்படுத்தியதில் பெரிய பங்கு மழைக்குத்தான்.

இங்கே வருஷத்துக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும். அந்தத் தண்ணீர் தரையின் விரிசல் வழியே கீழே இறங்கும். சூடான கல்லைத் தொட்டதும் கொதித்து ஆவியாகி, வெப்பத்தைத் தூக்கிக்கொண்டு மேலே வரும். மேலே குளிர்ந்து தண்ணீராகி மறுபடி இறங்கும். தண்ணீர் போய்வரும் ஆழம் வரைக்கும் கல் 100 டிகிரியிலேயே நிற்கும், அதற்குக் கீழே வெப்பம் சட்டென்று எகிறும். இது ஊகமில்லை, துளை போட்டு அளந்து பார்த்தது. குழம்பு உறைந்து முடிந்தாலும் அடியில் இருக்கும் கல் இன்னும் சூடுதான். நேற்றைய மழை அதைத் தொட்டுவிட்டு இன்று ஆவியாக வருகிறது. மழை நின்ற மறுநாள் நன்றாகத் தெரியும், பல நாள் வெயில் அடித்தால் அவ்வளவாகத் தெரியாது.

[காட்சி: கறுப்புத் தரையில் தனியாக நிற்கும் ஒரு ஓஹியாக் கன்று. பின்னணியில் குரல்.]

துளை போட்டவர்கள் அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையினர். அந்த வேலையைத் தொடங்கியது 1960இல், தோல் சில மீட்டர் மட்டுமே தடித்திருந்தபோது. அடியில் நூறு மீட்டர் லாவா, மேலே துளைக்கும் இயந்திரத்தோடு மனிதர்கள்! குழம்பைத் தொட்டதும் அது துளைக்குள் ஏறிவந்து கறுப்புக் கண்ணாடியாக உறையும், அதையே மாதிரியாக எடுத்துக்கொள்வார்கள். 1988 வரை இப்படித் துளைத்தார்கள். நிலத்துக்கு அடியில் நாம் எட்டவே முடியாத ஆழத்தில் மாக்மா எப்படிக் கல்லாகிறது, எந்தக் கனிமம் முதலில் படிகமாகிறது, எது அடியில் தங்குகிறது என்று தெரிந்துகொள்ள இதைவிடக் கைக்கெட்டிய இடம் வேறு எங்கே? சாண்டியா தேசிய ஆய்வகத்தார் இன்னொரு படி போய், உருகிய கல்லிலிருந்து நேரடியாக ஆற்றல் எடுக்க முடியுமா என்றும் இங்கே சோதித்தார்கள்.

மொட்டைத் தரையில் ஆங்காங்கே பச்சை தெரியும். விரிசலில்தான் முதலில் முளைக்கிறது, அங்கேதான் ஈரமும் கொஞ்சம் மண்ணும் சேரும். பெரணி வருகிறது, ஓஹியா வருகிறது, ஓஹெலோ என்ற சிவப்புப் பழச் செடி வருகிறது. மேலே காட்டில் உயரமாக நிற்கும் அதே ஓஹியா இங்கே முழங்கால் உயரத்திலேயே பூத்துவிடுகிறது.

கிழக்கு முனையில் ஏற்றம் தொடங்கும். வளைந்து வளைந்து ஏறி, நாஹுகு லாவா குகை பக்கத்தில் சாலைக்கு வருவீர்கள். ஓடிய லாவாவின் மேல்தோல் உறைய, உள்ளே இருந்தது வடிந்துபோய் மிஞ்சிய குழாய் அது. நேரம் இருந்தால் உள்ளே ஒரு நடை. வண்டி நிறுத்த அங்கே இடம் குறைவு, காலை சீக்கிரமே போய்விடுவது நல்லது.

அதே நண்பன் ஏறும்போது இன்னொன்று கேட்டான். நாம் நடுவில் நிற்கும்போது மறுபடி கிளம்பினால்? நியாயமான கேள்வி. கிலாவேயா அடங்கிய எரிமலை இல்லை. 1959 ஏரி நின்று மூன்றே வாரத்தில், 1960 ஜனவரி 13 அன்று, நாற்பது கிலோமீட்டருக்கும் அப்பால் கபோஹோ ஊரருகே லாவா வெளிப்பட்டு ஊரை அழித்தது. 2018இல் உச்சிப் பள்ளம் பெரிதாக உள்வாங்கியபோது நிலம் ஆயிரக்கணக்கான முறை அதிர்ந்தது, பூங்காவின் பெரும்பகுதி மே மாதத்திலிருந்து செப்டம்பர் வரை மூடிக்கிடந்தது. 2024 டிசம்பர் 23 முதல் பக்கத்துப் பெரும் பள்ளமான ஹலேமாவுமாவுவில் விட்டு விட்டு லாவா ஊற்று எழுந்தது, சில முறை 300 மீட்டருக்கும் மேல்.

ஆனால் மாக்மா சத்தமில்லாமல் வருவதில்லை. தரை அதிரும், உச்சி உப்பும். 1912இல் இங்கே தொடங்கிய எரிமலை ஆய்வகம் அதைத்தான் இரவு பகலாகக் கவனிக்கிறது. அறிகுறி தெரிந்தால் பாதையை மூடிவிடுவார்கள். எனவே கிளம்பும் நாள் காலையில் பூங்காவின் இணையதளத்தில் எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். தண்ணீர், மழைக்கோட்டு, பிடிமானமுள்ள ஷூ போதும். பாதை மூடியிருந்தால் வேலியைத் தாண்டாதீர்கள், விளிம்பில் நின்று பார்த்தாலே அந்தக் கறுப்பு வளையம் நன்றாகத் தெரியும்.